செப்டம்பரிலேயே பாய்லரைப் பாருங்கள்: பிரிட்டனில் முதல் குளிர்காலத்தைச் சந்திப்பவர்களுக்கு

லண்டன் ஈஸ்ட் ஹாமில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீட்டில், முதல் டிசம்பரில் 11 நாள் ஹீட்டிங் இல்லாமல் இருந்தோம். வீட்டுக்காரருக்குப் போன் செய்யத் தயக்கம். வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் புகார் சொன்னால் என்ன நினைப்பாரோ என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆளுக்கொரு மின்சார ஹீட்டர் வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். கடைசியில் வந்த கேஸ் இன்ஜினியர் பாய்லருக்கு அடியில் கையை விட்டு இரண்டு குமிழ்களைத் திருகினார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. சுழியத்தில் கிடந்த பிரஷர் முள், அதாவது குழாய்த் தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டும் முள், மெல்ல ஏறியது. குமிழ்களை மூடினார், பாய்லரைப் போட்டார், எரிந்தது. மொத்தமே இரண்டு நிமிடம்.

அதற்குப் பிறகு ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களின் வீட்டுக்குப் போனால் முதலில் பாய்லரைத்தான் காட்டச் சொல்கிறேன். படிக்க வந்தவர்கள், மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்தவர்கள், முதியோர் இல்லத்தில் வேலைக்கு வந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்த குடும்பங்கள் எல்லோருக்கும் இது புதிது. நம் ஊரில் வீட்டைச் சூடாக்கும் வழக்கமே கிடையாது, யார் சொல்லித் தந்திருப்பார்கள்? இதில் நாமே செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. நாம் கை வைக்கவே கூடாத வேலையும் இருக்கிறது. அந்த எல்லை எங்கே என்று தெரிந்தால் பயம் பாதி குறையும்.

உங்கள் வீட்டில் இருப்பது எது?

பிரிட்டனில் பெரும்பாலான வீடுகள் கேஸ் பாய்லரில்தான் சூடாகின்றன. பாய்லர் தண்ணீரைச் சூடாக்கும். ஒரு பம்பு அந்தத் தண்ணீரைக் குழாய் வழியே அறைக்கு அறை இருக்கும் ரேடியேட்டர்களுக்குத் தள்ளும். சூட்டை அறைக்குக் கொடுத்துவிட்டு ஆறிய தண்ணீர் மறுபடி பாய்லருக்கே திரும்பும். அதே தண்ணீர்தான் வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சொல்லப்போகும் பாதி விஷயம் இதிலிருந்துதான் வருகிறது. நீங்கள் குளிக்கும் தண்ணீர் வேறு, ரேடியேட்டருக்குள் ஓடும் தண்ணீர் வேறு.

சமையலறைச் சுவரிலோ அலமாரிக்குள்ளோ ஒரு வெள்ளைப் பெட்டி மட்டும் இருந்து, வெந்நீர்த் தொட்டி எங்கும் இல்லையென்றால் அது காம்பி பாய்லர். குழாயைத் திறந்த அந்த நொடியில் தண்ணீரைச் சூடாக்கித் தரும். சிறிய வீடுகளிலும் ஃபிளாட்டுகளிலும் பெரும்பாலும் இதுதான். அலமாரிக்குள் பெரிய செப்புத் தொட்டியோ வெள்ளை உருளையோ இருந்தால் வெந்நீர் சேமித்து வைக்கப்படுகிறது என்று பொருள். பழைய வீடுகளில் கூரைக்கடியில், லாஃப்டில், ஹீட்டிங்குக்கென்றே ஒரு சின்னத் தொட்டியும் இருக்கும். அந்த அமைப்பில் பிரஷர் முள் இருக்காது, கீழே நான் சொல்லும் பிரஷர் வேலையும் அங்கே கிடையாது. பெரிய அடுக்குமாடிகள் சிலவற்றில் பாய்லரே இல்லாமல் கட்டடம் முழுவதற்கும் பொதுவான வெந்நீர் வரும். அங்கே எது கெட்டாலும் கட்டட நிர்வாகத்திடம் சொல்வதுதான் வழி.

குடி போன அன்றே நான்கு இடங்களைக் கண்டுபிடித்து, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பாய்லர். இரண்டாவது கேஸ் மீட்டரும் அதன் பக்கத்தில் இருக்கும் கைப்பிடியும். கைப்பிடி குழாயோடு ஒரே கோட்டில் இருந்தால் கேஸ் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. மூன்றாவது வீட்டுக்குள் வரும் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் வால்வு, பெரும்பாலும் சமையலறைத் தொட்டிக்கு அடியில் இருக்கும். நான்காவது ஹீட்டிங் டைமரும், அறை எவ்வளவு சூடாக வேண்டும் என்று வைக்கும் தெர்மோஸ்டாட்டும்.

கை வைக்கக் கூடாத இடம்

பாய்லரின் முன்மூடியைக் கழற்றாதீர்கள். ஊரில் மோட்டாரையும் மிக்ஸியையும் பிரித்துச் சரிசெய்து பழகிய கை உங்களுக்கு இருக்கலாம், எனக்கும் உண்டு. ஆனாலும் இதைப் பிரிக்கக் கூடாது. பல பாய்லர்களில் அந்த மூடிதான் புகை வீட்டுக்குள் வராமல் அடைத்து வைத்திருக்கிறது. கேஸ் சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், சோர்வு என்று காய்ச்சல் இல்லாத ஃப்ளூ போலத்தான் தொடங்கும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வருகிறது, வெளியே போனால் சரியாகிவிடுகிறது, திரும்பி வந்தால் மறுபடி வருகிறது என்றால் அதைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடாதீர்கள். உடனே எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இதற்கென்று சத்தம் போடும் அலாரம் இருக்கிறது. பாய்லர் இருக்கும் அறையிலேயே, அதிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். வாடகை வீடு என்றால், பாய்லர் உள்ள அறையில் இந்த அலாரத்தை வைத்துத் தருவது 2022 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் வீட்டுக்காரரின் சட்டப்படியான பொறுப்பு. அலாரத்துக்கும் ஆயுள் உண்டு, அதன் மேல் அச்சிட்ட காலாவதித் தேதியைப் பாருங்கள். வாரம் ஒரு முறை பட்டனை அழுத்திச் சத்தம் வருகிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பழைய வீடுகளில் சுவரில் காற்று வர வலைபோட்ட ஓட்டை இருக்கும். குளிர் அடிக்கிறதென்று அதில் துணியையோ செய்தித்தாளையோ திணிக்காதீர்கள். பழைய வகை பாய்லருக்கும் கேஸ் அடுப்புக்கும் மூச்சு அந்த வழியாகத்தான் போகிறது.

கேஸ் வாடை அடித்தால் சுவிட்ச் எதையும் போடாதீர்கள், போட்டதை அணைக்கவும் வேண்டாம். சாமி விளக்கு, ஊதுவத்தி எதையும் ஏற்றாதீர்கள். சன்னல்களைத் திறந்து, மீட்டர் பக்கத்தில் உள்ள கைப்பிடியைக் குறுக்காகத் திருப்பிவிட்டு வெளியே வந்து 0800 111 999 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். கார்பன் மோனாக்சைடு சந்தேகத்துக்கும் இதே எண்தான். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் பொது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், அழைப்புக்குக் காசில்லை. இப்போதே போனில் பதிந்துவிடுங்கள்.

கேஸ் வேலைக்கு வருகிறவர் கேஸ் சேஃப் பதிவேட்டில் இருப்பவராக இருக்க வேண்டும். 2009 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள பதிவேடு இது. அவருக்குப் படம் போட்ட அட்டை இருக்கும், கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்தெந்த வகை வேலை செய்யத் தகுதி உண்டு என்று அட்டையின் பின்பக்கம் எழுதியிருக்கும். கேட்டால் நல்ல இன்ஜினியர் யாரும் முகம் சுளிக்க மாட்டார். தெரிந்தவர், நம்ம ஆள், குறைந்த காசில் செய்து தருவார் என்று யாராவது சொன்னாலும் அட்டை இல்லாமல் விடாதீர்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள் தயங்க வேண்டாத இடம் ஒன்று உண்டு. வருடத்துக்கு ஒரு முறை கேஸ் பாதுகாப்புச் சோதனை நடத்துவது வீட்டுக்காரரின் கடமை. குடி போகும் முன்பே அந்தச் சான்றிதழின் நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்குச் சோதனை முடிந்த 28 நாளுக்குள் தர வேண்டும். ஹீட்டிங்கையும் வெந்நீரையும் ஓடும் நிலையில் வைத்திருப்பதும் அவர் பொறுப்புதான் என்று இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் சொல்கிறது. ஹீட்டிங் கெட்டதைச் சொல்வது புகார் ஆகாது, தகவல்தான். போனில் பேசினாலும் அதையே மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ தேதியோடு எழுதி வையுங்கள். அந்த 11 நாளில் நாங்கள் செய்யாமல் விட்டது இதைத்தான்.

செப்டம்பர் ஒத்திகை

குளிர் தொடங்குவதற்கு முன், செப்டம்பரில் ஒரு விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நவம்பரில் முதல் கடுங்குளிர் விழுந்ததும் எல்லோருடைய பாய்லரும் ஒரே வாரத்தில்தான் படுக்கும். அப்போது இன்ஜினியர் கிடைக்க நாள் கணக்காகும்.

முதலில் பிரஷர் முள்ளைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு எல்லா ரேடியேட்டர்களிலும் எண் போட்ட வால்வை முழுதாகத் திறந்துவிட்டு, தெர்மோஸ்டாட்டை 25 டிகிரிக்கு ஏற்றுங்கள். பாய்லர் எரியத் தொடங்க வேண்டும். அரை மணி கழித்து அறை அறையாகப் போய் ஒவ்வொரு ரேடியேட்டரையும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் தொட்டுப் பாருங்கள், சுடும், கவனம். எது முழுக்கச் சுடுகிறது, எது பாதி, எது ஜில்லென்று இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வால்வு இணைப்புகளுக்கு அடியில் டிஷ்யூ தாளால் ஒற்றிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத கசிவும் தெரிந்துவிடும். செப்பு இணைப்பில் பச்சைக் கறை இருந்தால் அங்கே எப்போதோ கசிந்திருக்கிறது. எல்லாம் சூடான பிறகு முள்ளை மறுபடி பாருங்கள். இந்தக் குறிப்பு கையில் இருந்தால் பின்னால் இன்ஜினியரிடம் பேசுவது சுலபம்.

பாய்லர் எரியவே இல்லையா? ஆளைக் கூப்பிடும் முன் சில சின்ன விஷயங்கள். முன்பணம் கட்டும் மீட்டரில் கேஸ் இருப்பு இருக்கிறதா? கேஸ் அடுப்பு எரிகிறதா? பாய்லரின் மின்சார சுவிட்ச் போட்டிருக்கிறதா? சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டின் பேட்டரி தீர்ந்துவிட்டதா? டைமரில் மணி சரியாக இருக்கிறதா? இங்கே மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுகிறார்கள். பழைய டைமர்கள் தானாக மாறாது, நாம்தான் மாற்ற வேண்டும். எல்லாம் சரி, ஆனாலும் பாய்லர் திரையில் பிழை எழுத்து நிற்கிறது என்றால் ரீசெட் பட்டனை ஒரு முறை அழுத்தலாம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை. அதற்கு மேல் வேண்டாம். அது எரிய மறுப்பதற்கு ஏதோ காரணம் இருக்கிறது.

பிரஷர்: அந்த இரண்டு நிமிட வேலை

காம்பி பாய்லரின் முகத்திலோ அடியிலோ சின்ன வட்ட முள் இருக்கும், புதியவற்றில் எண்ணாகத் திரையில் தெரியும். ஹீட்டிங் ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தின் அளவு) வரை இருக்க வேண்டும். சூடானால் தண்ணீர் விரியும், 2 வரை ஏறும், அது சரி. 1க்குக் கீழே நன்றாக இறங்கிவிட்டால் பல பாய்லர்கள் எரிய மறுக்கும். வேலன்ட் பாய்லரில் எஃப்.22 என்றும், ஐடியல் லாஜிக்கில் எஃப்1 என்றும் திரையில் வந்தால் இந்தக் குறைதான்.

ஏற்றும் முறை இது. ஹீட்டிங்கை அணைத்து ஆற விடுங்கள். பாய்லருக்கு அடியில் குனிந்து பார்த்தால் வெள்ளிக் கம்பி பின்னிய ஒரு சின்ன வளைகுழாய் இரண்டு குழாய்களை இணைத்திருக்கும், இரண்டு முனையிலும் வால்வு இருக்கும். சிலவற்றில் கைப்பிடி, சிலவற்றில் ஸ்க்ரூடிரைவர் வைத்துத் திருப்பும் வெட்டு. வெட்டோ கைப்பிடியோ குழாயோடு நேர்கோட்டில் வந்தால் திறப்பு, குறுக்கே வந்தால் மூடல். வளைகுழாய் இரண்டு பக்கமும் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முதல் வால்வை முழுதாகத் திறங்கள். இரண்டாவதை மெல்ல, மிக மெல்லத் திறங்கள். சர்ரென்று சத்தம் கேட்கும். கண் முள்ளின் மேலேயே இருக்கட்டும். 1.3 அளவில் வந்ததும் இரண்டையும் மூடுங்கள், மூடியதை இன்னொரு முறை கையால் உறுதி செய்யுங்கள். வளைகுழாய் கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றி வைத்துவிட வேண்டும் என்பதுதான் இங்குள்ள தண்ணீர் விதி. சில பாய்லர்களில் வளைகுழாய்க்குப் பதில் பிளாஸ்டிக் சாவியோ இழுக்கும் நெம்புகோலோ உள்ளேயே இருக்கும். கையேட்டில் படம் இருக்கும். பாய்லர் மாடல் பெயரைப் போட்டுத் தேடினால் கையேடு இணையத்திலேயே கிடைக்கும்.

அவசரத்தில் 2.5, 3 என்று ஏற்றிவிட்டால் பதற்றப்பட வேண்டாம். அடுத்த பகுதியில் சொல்லும் சாவியால் ஏதாவது ஒரு ரேடியேட்டரைத் திறந்து, கிண்ணத்தில் தண்ணீர் பிடித்தால் இறங்கிவிடும். 3 பாருக்கு மேல் போனால் பாதுகாப்பு வால்வு தானாகத் திறந்து வெளியே விட்டுவிடும்.

வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை ஏற்ற நேர்ந்தால் அது சாதாரணம். வாரா வாரம் ஏற்ற வேண்டியிருக்கிறதென்றால் தண்ணீர் எங்கோ போகிறது. அதைத் தேட வேண்டுமே தவிர, ஏற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. சுற்றிச் சுற்றி ஓடும் பழைய தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோயிருக்கும், அதனால் இரும்பு துருப்பிடிப்பது மட்டுப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறை புதுத் தண்ணீர் விடும்போதும் புது ஆக்சிஜனும் உள்ளே போகிறது. ரேடியேட்டர் உள்ளிருந்து அரிபடும். துருவைத் தடுக்க முன்பு ஊற்றி வைத்த மருந்தும் நீர்த்துப் போகும்.

இதில் ஒரு அடையாளம் தெரிந்தால் இன்ஜினியருக்கே நேரம் மிச்சம். ஹீட்டிங் ஓடும்போது முள் 3 வரை ஏறுகிறது, ஆறியதும் சுழியத்துக்கு விழுகிறது, வீட்டுக்கு வெளியே சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சின்னச் செப்புக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் விரிவுக் கலம் காற்றை இழந்துவிட்டது என்று பொருள். சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் ரப்பர் தடுப்பு வைத்த கலம் அது, சைக்கிள் டியூப் மாதிரி ஒரு பக்கம் காற்று அடைத்திருக்கும். காற்று அடித்தாலே சரியாகலாம், இல்லையேல் மாற்ற வேண்டும். இரண்டுமே இன்ஜினியரின் வேலை. போனில் இந்த மூன்றையும் சொன்னால் அவர் என்ன எடுத்துவர வேண்டும் என்று அவருக்கே தெரியும்.

ஏர் எடுப்பது

மொட்டை மாடித் தொட்டிக்கு மோட்டார் போட்டால் தண்ணீர் ஏறாமல் ஏர் லாக் ஆவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். ரேடியேட்டரிலும் அதேதான். காற்று மேலே போய் உட்கார்ந்துகொள்ளும், அந்த இடத்துக்குத் தண்ணீர் வராது. கீழ்ப்பாதி சுடும், மேல்பாதி ஜில்லென்று இருக்கும். களகளவென்று சத்தமும் கேட்கலாம்.

தேவை ஒரு சின்னப் பித்தளைச் சாவி, ஹார்ட்வேர் கடையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். புது மாடல் ரேடியேட்டர்கள் சிலவற்றில் தட்டை ஸ்க்ரூடிரைவரே போதும். ஹீட்டிங்கை அணைத்து, முழுதாக ஆற விடுங்கள். பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது திறந்தால் காற்று வெளியே வருவதற்குப் பதில் உள்ளே இழுபடலாம், சூடான தண்ணீர் கையிலும் தெறிக்கும். கீழ்த்தளத்தில் தொடங்கி மாடிக்குப் போங்கள். ரேடியேட்டரின் மேல் ஓரத்தில் சதுர முனை ஒன்று தெரியும். அடியில் கிண்ணமும், கம்பளத்தைக் காக்கப் பழைய துணியும் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் கறுத்திருக்கும், கறை போகாது. சாவியை இடப்பக்கமாகக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். உஸ்ஸென்று காற்று வரும். சத்தம் நின்று தண்ணீர் ஒரே சீராக வந்ததும் மூடுங்கள். திருகைப் பல சுற்று கழற்றிக் கையோடு எடுத்துவிட்டால் கறுப்புத் தண்ணீர் சுவர் வரை பீய்ச்சும், பிறகு அதே திருகை அந்தப் பீய்ச்சலில் மறுபடி பொருத்துவது பெரும்பாடு.

காற்று போன அளவுக்குப் பிரஷரும் இறங்கியிருக்கும். ஆகவே முடித்ததும் முள்ளைப் பார்த்து, தேவையானால் மேலே சொன்னபடி ஏற்றுங்கள்.

ஒரே ரேடியேட்டரில் இரண்டு வாரத்துக்கொரு முறை காற்று சேர்ந்தால் அது வெறும் காற்றாக இல்லாமலும் இருக்கலாம். இரும்பு அரிக்கும்போது ஹைட்ரஜன் உண்டாகும், அது எரியக்கூடியது. ஏர் எடுக்கும்போது பக்கத்தில் மெழுகுவத்தி, சிகரெட் எதுவும் வேண்டாம்.

தொட்டுப் பார்த்தால் என்ன தெரியும்

மேலே குளிர் என்றால் காற்று. கீழே, அதுவும் நடுப்பகுதியில் குளிர், மேல்பகுதியும் ஓரங்களும் சூடு என்றால் சேறு. ரேடியேட்டரின் உள்பக்க இரும்பு அரித்து உண்டாகும் கறுப்புத் தூள் அது. மேக்னடைட் என்பார்கள், காந்தத்தில் ஒட்டும். பம்பையும் பாய்லரின் மெல்லிய வழிகளையும் அடைப்பது இதுதான். பாய்லருக்குத் திரும்பும் குழாயில் கைத்தெர்மாஸ் அளவில் ஒரு கறுப்பு உருளை இருந்தால் அது காந்த ஃபில்டர், சர்வீஸில் அதைக் கழுவச் சொல்லுங்கள். இல்லையென்றால் சொந்த வீட்டுக்காரர்கள் ஒன்று போட்டுவிடுங்கள். இந்த அமைப்பில் செலவு செய்ய ஒரே ஒரு சாமான் சொல்லச் சொன்னால் நான் அதைத்தான் சொல்வேன். சேறு முற்றிவிட்டால் பவர் ஃபிளஷ் செய்து முழு அமைப்பையும் கழுவி, துருத்தடுப்பு மருந்தைப் புதிதாக ஊற்ற வேண்டும்.

ஒரே ஒரு ரேடியேட்டர் மட்டும் முழுக்கக் குளிர்ந்து கிடந்தால், 0 முதல் 5 வரை எண் போட்ட வால்வுத் தலையைச் சந்தேகியுங்கள். கோடை முழுக்க மூடியே கிடந்தால் உள்ளே இருக்கும் ஊசி இறங்கிய நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். தலைக்குக் கீழே உள்ள வளையத்தைக் கையால் தளர்த்தினால் தலை தனியே வந்துவிடும், தண்ணீர் வராது. நடுவில் ஒரு சின்ன ஊசி தெரியும். ஸ்பேனரின் தட்டைப் பக்கத்தால் மெல்ல அழுத்துங்கள், விட்டதும் தானே மேலே வர வேண்டும். வராவிட்டால் வால்வின் பக்கவாட்டில் லேசாகத் தட்டலாம். குறடு வைத்து ஊசியைப் பிடுங்கக் கூடாது. அது கையோடு வந்தால் வீடு நனையும்.

பாய்லருக்கு அருகில் உள்ளவை கொதிக்கின்றன, தூரத்து அறை வெதுவெதுப்பைத் தாண்டவில்லை என்றால் அமைப்பு சமநிலையில் இல்லை. மறுமுனையில் பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் இருக்கும் இரண்டாவது வால்வைக் கொண்டு, நன்றாகச் சுடுபவற்றைக் கால் கால் சுற்றாகக் குறைத்தால் தண்ணீர் தூரத்துக்கும் போகும். முதலில் எத்தனை சுற்று திறந்திருந்தது என்று எழுதி வைத்துவிட்டுத் தொடுங்கள். பொறுமை உள்ளவர்கள் செய்யலாம், இல்லாதவர்கள் சர்வீஸின்போது கேட்டுக்கொள்ளலாம்.

எவ்வளவு வைப்பது, எப்படி வைப்பது

தெர்மோஸ்டாட்டை 30க்கு வைத்தால் வீடு சீக்கிரம் சூடாகாது. 20க்கு வைத்தாலும் 30க்கு வைத்தாலும் 20க்குப் போகும் வேகம் ஒன்றே, 30க்கு வைத்தால் நிறுத்தாமல் எரிந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான். உட்காரும் அறைக்கு 18 முதல் 21 போதும். கைக்குழந்தையோ பெரியவர்களோ இருந்தால் 18க்குக் கீழே விடாதீர்கள். பில் பயத்தில் அம்மா அப்பாவைப் போர்வைக்குள் உட்கார வைப்பது மிச்சம் ஆகாது. ரேடியேட்டர் வால்வில் 3 என்றால் ஏறக்குறைய 20 டிகிரி. தெர்மோஸ்டாட் இருக்கும் அறையின் ரேடியேட்டரை மட்டும் முழுதாகத் திறந்தே வையுங்கள். அதை மூடினால் அந்த அறை சூடாகாது, பாய்லர் நிற்கவே நிற்காது.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு மிச்சம் இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரலிலிருந்து புதிதாகப் போடும் கேஸ் பாய்லர், சில விதிவிலக்குகள் தவிர, கண்டென்சிங் வகையாகத்தான் இருக்க வேண்டும். புகையில் போகும் நீராவியைத் திரும்பத் தண்ணீராக்கி, அந்தச் சூட்டையும் பிடித்துக்கொள்ளும் வகை அது. ஆனால் ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் இது நடக்கும். பல வீடுகளில் பாய்லர் 75, 80 என்று வைக்கப்பட்டிருக்கிறது. காம்பி பாய்லரில் ரேடியேட்டர் படம் போட்ட குமிழை 60க்கு இறக்கிப் பாருங்கள். வீடு சூடாகக் கொஞ்சம் நேரம் கூடும், கேஸ் குறையும். கடுங்குளிர் வாரத்தில் போதவில்லையென்றால் ஏற்றிக்கொள்ளலாம். வெந்நீர்த் தொட்டி உள்ள வீட்டில் தொட்டியின் சூட்டை மட்டும் 60க்குக் கீழே இறக்காதீர்கள். இளஞ்சூட்டில் தேங்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும்.

மின்சார ஹீட்டரை ஒரு அறைக்கு, ஒரு மணி நேரத்துக்குப் போடலாம். நாள் முழுக்க வேண்டாம். இங்கே ஒரு யூனிட் மின்சாரம் ஒரு யூனிட் கேஸைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு விலை.

ரேடியேட்டர் மேல் துணி காயப் போடுவது எல்லோரும் செய்வது. ஆனால் அந்த ஈரம் சுவரில் கறுப்புப் பூஞ்சையாக வந்து நிற்கும். இட்லியும் சோறும் வேகும் நம் சமையலறைகளில் ஆவி ஏற்கெனவே அதிகம். அடுப்பு மின்விசிறியைப் போட்டு, காலையில் பத்து நிமிடம் சன்னலைத் திறந்து வையுங்கள்.

உறைபனி நாளில் பாய்லர் நின்றால்

பாய்லர் புகைக்குழாயிலிருந்து வெள்ளையாக ஆவி போவது இயல்பு. அந்த ஆவியிலிருந்து பிடித்த தண்ணீரை வெளியேற்ற வெள்ளை அல்லது சாம்பல் நிற மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்று பாய்லரிலிருந்து வீட்டுக்கு வெளியே போய்ச் சாக்கடையில் சேரும். சுழியத்துக்குக் கீழே போகும் இரவுகளில் இந்தக் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து அடைத்துக்கொள்ளும். காலையில் பாய்லர் களக் களக்கென்று சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடும். 2010 டிசம்பர் குளிரில் நாடெங்கும் வீடுகள் இப்படித்தான் தவித்தன.

இதை நாமே சரிசெய்யலாம். குழாய் தரையிலிருந்து கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தால் மட்டும் செய்யுங்கள், பனியில் ஏணி ஏற வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரைக் குழாயின் மேல் ஊற்றுங்கள், முக்கியமாக வளைவுகளிலும் சாக்கடைக்குள் நுழையும் முனையிலும். கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் பிளாஸ்டிக் விரிசல் விடும். வெந்நீர்ப் பையைச் சுற்றி வைத்தாலும் சரி. உருகியதும் உள்ளே வந்து ரீசெட் செய்யுங்கள். ஊற்றிய தண்ணீர் நடைபாதையில் உறைந்து வழுக்கும், அதில் உப்பைத் தூவிவிடுங்கள். பிறகு நல்ல நாளில் அந்தக் குழாய்க்கு நுரை உறை போடச் சொல்லுங்கள்.

டிசம்பர் விடுமுறைக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போகும்போது மின்சாரக் காசு மிச்சம் என்று பாய்லரை மெயினில் அணைத்துவிட்டுப் போகாதீர்கள். தெர்மோஸ்டாட்டை 12 டிகிரியில் வைத்துவிட்டுப் போங்கள். குழாய் உறைந்து வெடித்தால் தண்ணீர் ஓடுவது நீங்கள் திரும்பி வரும்வரை யாருக்கும் தெரியாது. ஆளில்லாத வீட்டை இத்தனை டிகிரியில் வைக்க வேண்டும் என்று பல வீட்டுக் காப்பீடுகளில் நிபந்தனையும் உண்டு.

சர்வீஸ்

சொந்த வீடென்றால் வருடம் ஒரு முறை சர்வீஸ் செய்யுங்கள். ஒரு வருடம் தவறினாலும் தயாரிப்பாளரின் உத்தரவாதம் போய்விடலாம். கோடையிலேயே நாள் குறித்தால் ஆள் சுலபமாகக் கிடைப்பார். வந்தவர் முன்மூடியைத் திறக்காமல், பட்டனை மட்டும் அழுத்திப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் அது சர்வீஸ் ஆகாது. புகையைச் சோதிக்கும் கருவியின் அளவைக் காட்டச் சொல்லுங்கள். விரிவுக் கலத்தின் காற்று, உறையும் அந்தத் தண்ணீர்க் குழாயின் அடிக்கிண்ணம், காந்த ஃபில்டர், துருத்தடுப்பு மருந்தின் அளவு ஆகியவற்றைப் பார்த்தாரா என்று கேளுங்கள். லண்டன் போன்ற கடினத் தண்ணீர் ஊர்களில் வெந்நீர் வரத்து மட்டும் மெலிந்துகொண்டே வந்தால் பாய்லருக்குள் சுண்ணாம்பு படிந்திருக்கலாம், அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பாய்லர் கையேட்டின் பின்பக்கங்களில் சர்வீஸ் பதிவு எழுதும் இடம் இருக்கும். தேதியோடு எழுதி வாங்குங்கள்.

ஏப்ரல் கடைசியில் ஹீட்டிங்கை நிறுத்தும்போது ரேடியேட்டர் வால்வுகளையெல்லாம் 5இல் திறந்து விடுங்கள், ஊசி ஒட்டாது. கோடையில் மாதம் ஒரு முறை, ஏதாவது ஒரு காலையில் பத்து நிமிடம் ஹீட்டிங்கைப் போட்டு நிறுத்துங்கள். நாலைந்து மாதம் சுழலாமல் கிடக்கும் பம்பு இறுகிப்போகாமல் இருக்க அது போதும்.